கதைக்கும் கேமுக்கும் மறைக்குழுப் பெயர் வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கதை எழுதுகிறவர்களும் கேம் வடிவமைக்கிறவர்களும் காட்டும் பெயர்ப் பட்டியல்களை நெடுநாளாகத் திருத்தி வருகிறேன். புதிதாக வருபவர்களின் பட்டியலில் 'இருள்' கட்டாயம் இருக்கும். அது இல்லாவிட்டால் 'ரத்தம்'. இரண்டும் இல்லாவிட்டால் ஒரு பாம்பு. சரி, 'கருநாக ரத்தச் சகோதரர்கள்' என்று சொல்லிக்கொண்டு நாலு பேர் வந்து நின்றால் யார் கதவைத் திறப்பார்கள்? யார் போய்ச் சேருவார்கள்?

இவர்களுக்குக் கற்பனை குறைவு என்று சொல்ல மாட்டேன். தப்பு வரிசையில் இருக்கிறது. பெயரை முதலில் வைத்துவிட்டு அதற்கு ஏற்ற கூட்டத்தைத் தேடுகிறார்கள். அதனால் பெயர் வாசகரைப் பயமுறுத்தப் பார்க்கிறது. உள்ளே இருப்பவர் கூச்சமில்லாமல் தன் அம்மாவிடம் சொல்லக்கூடிய பெயர்தான் நம்பும்படி இருக்கும்.

ஒரு தலைவரையோ நம்பிக்கையையோ சுற்றி இறுக மூடிக்கொண்ட கூட்டத்தை, பேச்சில் கல்ட் என்று சொல்வதை, இங்கே மறைக்குழு என்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அரைப்பக்கக் குறிப்பு போதும். அதில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். சேருகிறவருக்கு என்ன கிடைக்கும் என்கிறார்கள்? தொடங்கியவர் அதற்கு முன் என்ன வேலை செய்தார்? வெளியாள் கண்ணில் முதலில் படும் பழக்கம் எது? குழு தோன்றி எத்தனை தலைமுறை ஆயிற்று? உள்ளே எதைப் பற்றிப் பேசவே கூடாது?

தொடங்கியவரின் தொழிலை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் சொற்கள் அங்கிருந்துதான் வரும். தச்சராக இருந்தவர் இழைப்பதையும் பொருத்துவதையும் பற்றிப் பேசுவார். கணக்கு எழுதியவர் வரவு, பற்று, நிலுவை என்பார். அகராதியில் தேடி எடுத்த பெயருக்கும் ஒரு மனிதர் வாயில் பிறந்த பெயருக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு கல்குவாரி. அங்கே வெடி வைக்கும் வேலை செய்தவருக்கு ஒரு விபத்தில் காது போய்விடுகிறது. அன்றிலிருந்து தனக்கு ஒரு குரல் கேட்பதாகச் சொல்கிறார். பின்னால் ஆட்கள் சேருகிறார்கள். சேர்ந்தால் தலைக்குள் ஓயாமல் ஓடும் இரைச்சல் நின்றுவிடும் என்பது வாக்குறுதி. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடப்பது பழக்கம். வயது இரண்டு தலைமுறை. மேல்படிக்குப் போனவர்களின் காதுக்கு என்ன ஆகிறது என்று யாரும் பேசுவதில்லை.

இரண்டு கருவிகளும் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இணையத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. ஒரு சொல்லின் பழைய பொருள்களை அதில் பார்க்கலாம். ஒரு பொருளுக்கு உள்ள பல சொற்களைப் பார்க்க நிகண்டு இருக்கிறது, பிங்கலமோ சூடாமணியோ. தீ, இரவு, கடல் மாதிரி விஷயங்களுக்கு நிகண்டைப் புரட்டினால் நீங்கள் மறந்துபோன சொற்கள் வரிசையாக வந்து நிற்கும்.

2. வாக்குறுதியை ஒரே வரியில் எழுதுங்கள்

'உன்' என்று தொடங்கும் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். நம் குவாரிக் குழுவுக்கு: உன் தலைக்குள் இருக்கும் இரைச்சல் நின்றுவிடும்.

காரணம் எளிது. ஒரு கூட்டத்துக்குப் பெயர் வைப்பவர் ஆள் சேர்க்கத்தான் வைக்கிறார். நிஜ உலகத்தைப் பாருங்கள். 1978இல் கயானாவில் 900க்கும் மேற்பட்டவர்கள் இறந்த கொடுமைக்குப் பின்னால் இருந்த அமைப்பின் பெயர் 'மக்கள் ஆலயம்'. 1997இல் 39 பேர் கூட்டாக உயிரை விட்ட குழு 'சொர்க்க வாசல்'. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சு வாயுவைப் பரப்பிய ஓம் ஷின்ரிக்கியோ 1984இல் யோகா சொல்லித்தரும் சிறு குழுவாகத்தான் தொடங்கியது. பெயரின் பிற்பாதி 'மெய்மையின் போதனை' என்ற பொருளில் வரும். இந்த மூன்று பெயரில் எதையாவது கேட்டு முதல்நாள் யாருக்காவது பயம் வந்திருக்குமா?

வாக்குறுதிக்குப் பதிலாக ஆபத்தை எழுதிவிடுவது இங்கே நடக்கும் பெரிய தவறு. 'இவர்கள் நரபலி கொடுப்பார்கள்' என்பது வாக்குறுதி ஆகாது. அது உங்கள் கதைத் திருப்பம். அதைப் பெயரிலேயே சொல்லிவிட்டால் முந்நூறாம் பக்கத்துக்கு என்ன மிச்சம் இருக்கும்?

3. யார் வாயில் வரும் பெயர் என்று முடிவு செய்யுங்கள்

ஒரு குழுவுக்குப் பெரும்பாலும் மூன்று பெயர் இருக்கும். உள்ளே இருப்பவர்கள் சொல்வது ஒன்று. ஊரார் சொல்வது ஒன்று. பத்திரத்திலும் பலகையிலும் இருப்பது ஒன்று. புதியவர்கள் ஒரே ஒரு பெயரை வைத்துவிட்டு எல்லாப் பாத்திரங்களையும் அதையே சொல்ல வைக்கிறார்கள். போலீஸ்காரரும் பக்தரும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் ஒரே சொல்லைச் சொன்னால், அது மூவரும் எழுத்தாளரிடம் கடன் வாங்கிய சொல் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும்.

வரலாற்றில் இந்த இடைவெளி எங்கும் தெரிகிறது. இனி சொல்லும் பலரும் மறைக்குழுக்கள் இல்லை, பெயர் ஒட்டிக்கொண்ட விதத்துக்காக மட்டும் சொல்கிறேன். 'நண்பர்களின் சமயச் சங்கம்' என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்களை ஊர் 'குவேக்கர்', அதாவது நடுங்கிகள் என்று கேலி செய்தது. உலகம் இன்றும் அந்தப் பெயரால்தான் அவர்களை அறியும். ஆடிக் குலுங்கி வழிபட்டதால் 'ஷேக்கர்' என்று பெயர் பெற்றவர்களின் முறையான பெயர் 'கிறிஸ்துவின் இரண்டாம் வருகையில் நம்பிக்கை கொண்டோரின் ஐக்கிய சங்கம்'. இவ்வளவு நீளமான பெயருக்கு ஊர் ஒரு செல்லப்பெயர் வைக்காமல் விடுமா? இடைக்காலத்தில் தெற்கு பிரான்ஸில் கத்தார்கள் என்று வேட்டையாடப்பட்டவர்கள் தங்களை 'நல்ல மனிதர்கள்', 'நல்ல கிறிஸ்தவர்கள்' என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ரஷ்யாவின் துகோபார்கள். 'பரிசுத்த ஆவியை எதிர்த்து மல்லுக்கு நிற்பவர்கள்' என்று 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு பேராயர் வைத்த வசவு அது. அவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, ஆவியின் துணையோடு மல்லுக்கு நிற்பவர்கள் என்று பொருளை மாற்றிவிட்டார்கள். வசவைப் பட்டமாகச் சூடிக்கொள்ளும் கூட்டம் உங்கள் கதையில் இருந்தால், அந்த ஒரு செய்கையே அவர்களைப் பற்றி ஓர் அத்தியாயம் சொல்லிவிடும்.

ஊரார் வைக்கும் பெயர் எப்போதும் கண்ணில் படுவதிலிருந்து வரும். கொள்கையெல்லாம் ஊராருக்குத் தெரியாது. தமிழில் இதற்கென்றே பிறந்த விகுதி 'காரர்'. நம் குவாரிக் குழுவினர் ஊருக்குப் 'பஞ்சுக்காரர்கள்'. ஏளனம் கூட வேண்டுமென்றால் 'பஞ்சுக் கூட்டம்'. முதலில் எனக்கும் காது கேளாமையைக் கேலி செய்யும் ஒரு பெயர்தான் தோன்றியது. அது குழுவைத் தாண்டி, காது கேளாத வாசகர் மேல் போய் விழும். பஞ்சு அதைவிடக் கூர்மையாகவும் இருக்கிறது.

பத்திரப் பெயர் வேண்டுமென்றே சப்பென்று இருக்கட்டும். 'அமைதி நல்வாழ்வு அறக்கட்டளை'. யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கக் கூடாது, அதுதான் அதன் வேலை.

4. விதைச்சொற்களைத் திரட்டுங்கள்

இப்போதுதான் உள்பெயருக்கு வருகிறோம். குறிப்பை முன்னால் வைத்துக்கொண்டு முப்பது சொல் எழுதுங்கள். பெயர்ச்சொல் மட்டும் எழுதினால் அதில் பாதி அலங்காரமாகிவிடும், அதனால் வினைகளையும் எழுதுங்கள்.

குவாரிக் குழுவுக்கு என் பட்டியல்: செவி, காது, கேள், ஒலி, இரைச்சல், மௌனம், அதிர்வு, திரி, பாறை, பிளவு, தூசு, எதிரொலி, அடங்கு, ஓய், செவிமடு, செவிகொடு, உளி, பள்ளம்...

முதல் எட்டு பத்துச் சொற்களை அடித்துவிடுங்கள். அவை எல்லோருக்கும் தோன்றுபவை. 'மௌனம்' என்னும் சொல் எத்தனை கதைகளில் தேய்ந்திருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கனமானவை பட்டியலின் கடைசியில்தான் வரும்.

சொல் எங்கிருந்து எடுப்பது என்று திணறினால் பழைய சமயப் பிரிவுகளின் பெயர்களைப் பாருங்கள். கையில் ஏந்திய கபாலத்திலிருந்து காபாலிகர். முகத்தின் கருமையிலிருந்து காளாமுகர். வணங்கிய பசுபதியிலிருந்து பாசுபதர். உடையிலிருந்து வெள்ளாடை அணிந்த சுவேதாம்பரரும் திசையையே ஆடையாகக் கொண்ட திகம்பரரும். பொருள், தோற்றம், தெய்வம், உடை என நான்கு வழிகள் இருக்கின்றன. ஐந்தாவதாக வினை. தமிழில் அதிகம் கை வைக்காத வழி அதுதான். ஆறாம் படியில் அதற்கு வருகிறேன்.

5. கூட்டத்தைக் குறிக்கும் சொல்லை எடைபோடுங்கள்

விதைச்சொல்லோடு 'சபை'யை ஒட்டி முடித்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் இந்தப் பின்சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு வாசனையோடு வருகின்றன. அதை முகராமல் ஒட்டினால் பெயர் வேறு திசைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

'கழகம்' இன்று அரசியல் கட்சியை நினைவுபடுத்தும். 'ஒளிக் கழகம்' என்றால் வாசகர் சின்னம் என்ன என்று கேட்பார். இதில் ஒரு வேடிக்கை: திருக்குறளின் சூது அதிகாரத்தில் கழகம் என்றால் சூதாடும் இடம். பழங்காலக் கதைக்களத்தில் சூதாட்டத்தை வழிபாடாக்கிய குழுவுக்கு அந்தச் சொல் அல்வா மாதிரி கிடைக்கும். 'மன்றம்' ரசிகர்களிடம் போய்விட்டது. 'இயக்கம்' என்றால் கொடியும் முழக்கமும் வரும். 'சங்கம்' தொழிலாளர்களையும் சங்க இலக்கியத்தையும் சேர்த்துக் கூப்பிடும். 'சபை' தேவாலயத்துக்கும் சட்டசபைக்கும் நடுவில் நிற்கும். 'பீடம்' என்றதும் ஒரு நாற்காலியும் அதில் உட்கார்ந்த ஒருவரும் தெரிவார்கள். தலைவர் வழிபாட்டுக்கு அது பொருந்தும், தலைவரே இல்லாத குழுவுக்குப் பொருந்தாது.

'நெறி', 'மார்க்கம்', 'வழி' மூன்றும் ஆட்களைச் சொல்லாமல் பாதையைச் சொல்கின்றன. சேருகிறவருக்குத் தான் ஒரு கூட்டத்தில் மாட்டிக்கொள்கிறோம் என்ற எண்ணமே வராது. அதனாலேயே இவை ஆபத்தான குழுக்களுக்கு நன்றாகப் பொருந்தும். 'குடும்பம்', 'இல்லம்' இரண்டும் இன்னும் மென்மையானவை. வெளியே போனவரைத் துரோகி என்று சொல்ல எல்லாச் சொற்களையும்விட அதிக வசதி 'குடும்பம்' தருவதுதான்.

'பள்ளி'யைத் தனியாகச் சொல்ல வேண்டும். இன்று கல்விக்கூடம். பழைய தமிழில் படுக்கையும் அதுதான், சமணரும் பௌத்தரும் தங்கிய இடமும் அதுதான். உறக்கத்தில் இறந்தவர்களோடு பேசுவதாகச் சொல்லும் ஒரு குழுவை 'துயிற்பள்ளி' என்று அழைத்துப் பாருங்கள். மூன்று பொருளும் ஒரே சொல்லில் உட்கார்ந்துவிடும்.

பின்சொல் வேண்டவே வேண்டாம் என்ற வழியும் இருக்கிறது. பழைய குழுக்கள் வெறும் '-ஆர்', '-ஓர்' விகுதியோடு நிற்கும். அமைப்புச் சொல் ஒட்டியது பெரும்பாலும் பதிவேடும் பலகையும் வந்த பிறகு வந்த பழக்கம் போலத் தோன்றும். உங்கள் குழுவின் வயதை வாசகருக்குச் சொல்ல இது சுலபமான தந்திரம்.

6. இலக்கணத்தை வேலை வாங்குங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த இலக்கணம் முதல்முறையாக நமக்குச் சம்பாதித்துத் தரப்போகிறது.

முதலில் வினைத்தொகை. 'அலைகடல்' என்றால் அலைந்த கடல், அலைகின்ற கடல், அலையும் கடல், மூன்றும். காலம் மறைந்திருக்கிறது. உலகம் முடியும் நாளைச் சொல்லும் குழுக்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வடிவம் கிடையாது. 'வருநாள் காப்போர்' என்று பெயர் வைத்த குழு, குறித்த நாள் ஒன்றும் நடக்காமல் போனாலும் பலகையை மாற்ற வேண்டாம். நாள் வந்துவிட்டது, நமக்குத்தான் தெரியவில்லை என்று ஒரு பிரிவு சொல்லும். இனிமேல்தான் வரும் என்று இன்னொரு பிரிவு சொல்லும். பெயர் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். கடல் பொங்கி எல்லாவற்றையும் கொண்டுபோகும் என்று நம்பும் குழுவுக்கு 'எழுகடலார்' வைத்தால், பழைய வழக்கில் எழுகடல் ஏழு கடலையும் குறிக்கும் என்பதால் உள்ளே ஒரு புராணமே முளைக்கும்.

அடுத்தது இரட்டைப் பொருள். உள்ளே போகும்போது ஒரு பொருள், கதவு சாத்திய பிறகு இன்னொரு பொருள். தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை. 'அணை' என்றால் தழுவு என்றும் பொருள், விளக்கை நிறுத்து என்றும் பொருள். 'சுடரணைத்தோர்' என்ற குழு சுடரைத் தழுவியவர்களா, அவித்தவர்களா? 'கணக்கு முடித்தோர்' கடனிலிருந்து விடுபட்டவர்களா, ஆளை முடித்தவர்களா? 'கரைசேர்ந்தோர்' காப்பாற்றப்பட்டவர்களா, கரையில் ஒதுங்கிய உடல்களா?

நம் குவாரிக் குழு இங்கே தன் பெயரைக் கண்டுபிடிக்கிறது: 'செவிகொடுத்தோர்'. ஊன்றிக் கேட்டவர்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த பொருள். பணிவான, நல்ல பெயர். அம்மாவிடம் சொல்லலாம். மேல்படியில் இருப்பவர்கள் செவியை நிஜமாகவே கொடுத்தவர்கள் என்று கதை காட்டும்போது அந்தப் பெயரில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. வாசகர்தான் மாறியிருப்பார்.

இரட்டைப் பொருளில் அடிக்கடி நடக்கும் தவறு, அதைப் பாத்திரமே விளக்கிவிடுவது. 'இப்போதுதான் புரிகிறது, செவிகொடுத்தோர் என்றால்...' என்று ஒரு துப்பறிவாளர் பேசத் தொடங்கினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம்.

கடைசியாக ஒற்று. 'செவிக்கொடுத்தோர்' என்று எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. செவியைக் கொடுத்தோர் என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்து, பின்னால் வினை வருகிறது. அங்கே வல்லினம் மிகாது. 'பஞ்சுக்காரர்கள்' என்பதில் மிகும். பெயர் என்பது கதை முழுக்க இருநூறு முறை வரும் சொல். ஒற்றுப் பிழை இருந்தால் இருநூறு முறை உறுத்தும். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

7. மொழி அடுக்கு: வடமொழியா, தனித்தமிழா, கலப்பா

பெயரின் மொழி காலத்தையும் வகுப்பையும் காட்டிக்கொடுக்கும். 1872இல் வள்ளலார் தம் சங்கத்துக்கு வைத்த பெயர் 'சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்'. அது பசிக்கு உணவிட்ட வெளிப்படையான இயக்கம். இங்கே ஓசைக்காக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஐந்து சொல்லும் சகரத்தில் தொடங்குகின்றன, எல்லாம் வடசொல். 19ஆம் நூற்றாண்டில் கதை நடந்தால் உங்கள் குழுவும் கிட்டத்தட்ட இப்படித்தான் பேசும். அதே காலத்தில் 'ஒளிநெறி வாழ்வியல் நடுவம்' என்று ஒரு குழு இருந்தால் அது காலம் தவறிப் பிறந்த பெயர். அந்த வாசனை 20ஆம் நூற்றாண்டின் தனித்தமிழ் எழுச்சிக்குப் பிந்தையது.

முழுக்கக் கற்பனை உலகம் என்றால் ஒரே அடுக்கில் நில்லுங்கள். பக்கத்து ஊர்ப் பெயரெல்லாம் தனித்தமிழாக இருக்க, குழு மட்டும் 'மகாருத்ர ஜ்வாலா' என்று வந்தால் அது வேற்று நாட்டிலிருந்து வந்த குழு என்று வாசகர் நினைப்பார். நிஜமாகவே வேற்று நாட்டுக் குழு என்றால் அது பிழை இல்லை, நல்ல தடயம்.

'மகா', 'ஆதி', 'பரம' போன்ற முன்னொட்டுகளை இப்போது தொடாதீர்கள். அவை ஒன்பதாம் படிக்குத் தேவைப்படும்.

8. உள்ளே இருக்கும் சின்னப் பெயர்கள்

பெரிய பெயர் ஒன்று மட்டும் இருந்தால் அது பலகையோடு நின்றுவிடும். படிநிலைகளும் வணக்கமும் வெளியாளைக் குறிக்க ஒரு சொல்லும் சேர்ந்தால்தான் ஆட்கள் வாழும் இடம் போலத் தெரியும். இவற்றைத் தனியாக யோசிக்காமல் பெரிய பெயரின் வேரிலிருந்தே எடுங்கள். நிஜத்திலும் அப்படித்தான் வளரும்.

செவிகொடுத்தோரில் புதிதாக வந்தவர்கள் 'கேட்போர்'. சில வருடம் ஆனவர்கள் 'கேட்டோர்'. அதற்கு மேல் 'கொடுத்தோர்'. வினையின் காலம் மாறுவதே பதவி உயர்வு. கடைசிப் படியில் வினையே மாறிவிடுகிறது, எதைக் கொடுத்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. சந்திக்கும்போது 'கேட்கிறதா?' என்பார்கள். பதில் சொல்ல மாட்டார்கள், தலையை மட்டும் அசைப்பார்கள். வெளியாட்கள் 'இரைச்சலார்'.

மூன்று படி போதும். ஏழு படி, ஒவ்வொன்றுக்கும் நாலு சொல் பட்டம் என்று ஒருவர் எனக்குக் கொண்டுவந்தார். கதையில் வந்தது இரண்டு பேர்.

9. பெயரை உடைத்துப் பாருங்கள்

இரண்டு தலைமுறை தாண்டிய குழு உடையாமல் இருப்பது அபூர்வம். உடையும்போது புதுப் பிரிவு பழைய பெயரை விடாது, ஒரு சொல்லை ஒட்டிக்கொள்ளும். 1993இல் டெக்சஸின் வேக்கோவில் முற்றுகையில் சிக்கியவர்கள் 'கிளைத் தாவீதியர்'. முன்பே இருந்த தாவீதியர் என்ற கிறிஸ்தவப் பிரிவிலிருந்து பிரிந்தவர்கள். அந்தக் 'கிளை' விவிலியத் தீர்க்கதரிசனத்தில் வரும் சொல் என்பதால், பிரிந்துபோனவர்கள் என்ற பழியே நாங்கள்தான் உண்மையான வாரிசு என்ற உரிமையாகிவிட்டது.

பெயரைக் கழுவிக்கொள்வது இன்னொரு வழி. ஓம் ஷின்ரிக்கியோ 2000இல் 'அலெஃப்' ஆனது. எபிரேய அரிச்சுவடியின் முதல் எழுத்து அது, எல்லாம் புதிதாகத் தொடங்குகிறதாம். 2007இல் அதிலிருந்து பிரிந்தவர்கள் 'ஒளி வளையம்' என்று பொருள்படும் பெயரை எடுத்துக்கொண்டார்கள். கெட்ட பெயர் எடுத்த குழு எப்போதும் முன்னைவிடச் சுருக்கமான, முன்னைவிடப் பொருள் குறைந்த பெயருக்குத்தான் ஓடும் என்று ஒரு விதி போடலாம் போலிருக்கிறது. என் ஊகம்தான், ஆனால் கதையில் நன்றாக வேலை செய்கிறது.

தமிழில் உடைவுக்கென்று இருக்கும் சொற்கள் 'ஆதி', 'மூல', 'மெய்', 'பழைய'. 'ஆதி செவிகொடுத்தோர்' என்று ஒரு பிரிவு தோன்றிய கணமே மற்றவர்கள் போலிகள் ஆகிவிடுகிறார்கள். இந்த ஒட்டு எதுவும் உங்கள் பெயரோடு உட்காரவில்லை என்றால் பெயர் ஏற்கெனவே நீளம் அதிகம் என்று அர்த்தம்.

10. சோதனைகள்

வேற்றுமை உருபுகளைப் போட்டுப் பாருங்கள். செவிகொடுத்தோரை, செவிகொடுத்தோருக்கு, செவிகொடுத்தோரிடம், செவிகொடுத்தோரில் ஒருவர். நாக்கு எங்கேயும் இடறவில்லை, சரி. 'நித்திய மௌனத்தின் புனித வட்டத்தின் உறுப்பினர்களின் தலைவரின்' என்று வந்தால் பெயருக்குள் ஏற்கெனவே இரண்டு 'இன்' இருக்கிறது, அதுதான் சிக்கல். பெயருக்குள் ஆறாம் வேற்றுமை ஒருமுறைக்கு மேல் வேண்டாம். ஒருமுறையும் இல்லாமல் தொகையாக வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

கோபத்தில் சொல்லிப் பாருங்கள். 'என் பிள்ளையை எங்கேடா, செவிகொடுத்தோரே!' என்று ஓர் அப்பா கத்துவாரா? மாட்டார். 'பஞ்சுக்காரன்களா!' என்பார். மூன்றாம் படியில் ஊர்ப்பெயர் வைத்தது இந்த இடத்துக்குத்தான்.

ஒருவரிடம் பெயரை மட்டும் சொல்லி, இவர்கள் என்ன செய்பவர்களாக இருக்கும் என்று கேளுங்கள். 'கெட்டவங்க' என்று உடனே பதில் வந்தால் திரும்பவும் நான்காம் படிக்குப் போங்கள். 'ஏதோ தியானமா?' என்றால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

அப்புறம் தேடுபொறியில் போடுங்கள். தமிழிலும் போடுங்கள், ஒலிபெயர்ப்பிலும் போடுங்கள். நிஜமான சமய அமைப்பு, சாதிப் பெயர், குலப்பெயர், தொண்டு நிறுவனம் எதுவும் வரக் கூடாது. '-ஆர்', '-இயர்' விகுதியில் முடியும் பெயர்களில் இந்த ஆபத்து அதிகம், பல சமூகப் பெயர்களும் அப்படித்தான் முடிகின்றன. ஒரு முறை நானே இதைச் செய்யாமல் விட்டேன். அழகாக இருக்கிறதே என்று ஒருவருக்கு எடுத்துக்கொடுத்த பெயர், உயிரோடு இருக்கும் ஒரு சிறு வழிபாட்டு மரபினுடையது. அச்சுக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பு தெரிந்தது. எல்லாப் பக்கத்திலும் மாற்ற வேண்டியதாயிற்று. உருபு ஒட்டிய வடிவங்களைத் தேடி மாற்றுவது எவ்வளவு பெரிய தொல்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

11. கேமுக்கு மட்டும் கூடுதலாக

கதையில் எழுத்தாளர் சொல்லும் பெயர் நிற்கும். கேமில் ஆடுகிறவர் சொல்லும் பெயர்தான் நிற்கும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கேமில் நாலு அசைக்கு மேல் போனால் பத்து நிமிடத்தில் அவர்களே சுருக்கிவிடுவார்கள், பெரும்பாலும் சிரிப்பு வருகிற மாதிரி. அதனால் சுருக்கத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள். ஊர்ப்பெயர் அதற்கும் கைகொடுக்கும்.

திரையில் ஓடும் கேம் என்றால் மிக நீளமான உருபு வடிவத்தை எழுத்துப்பெட்டியில் போட்டுப் பாருங்கள். தமிழ்ச் சொல் அகலமாக விரியும், ஒட்டு சேரச் சேர இன்னும் விரியும். 'செவிகொடுத்தோரிடமிருந்து' என்பது வரைபடத்தின் ஓரத்தில் பாதியில் வெட்டுப்பட்டு நின்றால் அத்தனை உழைப்பும் வீண். கொம்பும் கால்களும் எழுத்துருவில் சரியாக இணைகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மூன்று பெயர்களையும் மூன்று இடத்தில் ஒளித்து வையுங்கள். ஊர்மக்கள் பேச்சில் பஞ்சுக்காரர்கள். வாடகை ரசீதில் அமைதி நல்வாழ்வு அறக்கட்டளை. குவாரிப் பாறையில் உளியால் செதுக்கியது செவிகொடுத்தோர். மூன்றும் ஒன்றுதான் என்று எந்த உரையாடலிலும் சொல்லாதீர்கள். ரசீதிலும் பாறையிலும் ஒரே சின்னம் மட்டும் இருக்கட்டும், பஞ்சு உருண்டை அளவுக்கு ஒரு சின்ன வட்டம்.